ஆர்பிஜி திரையில் இண்டிகேட்டர்களை மேய்ப்பது

ஐபிஎம் ஐ கணினிகளின் நிரல்மொழியான ஆர்பிஜியில், ராயபுரம் சரக்கு அலுவலகம் ஒன்றுக்குக் கன்டெய்னர் பதிவுத் திரை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 4 எழுத்து, 7 இலக்கம். தப்பாக அடித்தால் கட்டம் பளிச்சென்று மாற வேண்டும்.

திரையின் அமைப்பை விவரிக்கும் டிடிஎஸ்ஸில் (DDS) முதல் ரெக்கார்டுக்கு மேலே இன்டாரா (INDARA) என்ற சொல்லை எழுதுங்கள். நிரலும் திரையும் பகிரும் ஆன்/ஆஃப் கொடிகளான 99 இண்டிகேட்டரும் தனி இடத்துக்குப் போய்விடும். ஆர்பிஜியில் ஃபைல் அறிவிப்போடு இண்ட்டிஎஸ் (INDDS) சேர்த்து, அதில் குறிப்பிடும் டேட்டா ஸ்ட்ரக்சரில் 3ஆம் இடத்துக்கு ‘வெளியேறு’, 40ஆம் இடத்துக்கு ‘எண்பிழை’ என்று பெயர் வையுங்கள்.

பலரும் வழுக்குவது இங்கேதான்: இண்ட்டிஎஸ் வந்தபின் 40ஆம் இண்டிகேட்டரின் பழைய பெயரான ஸ்டார் இன் 40ஐ (*IN40) ஆன் செய்தால் கம்பைல் ஆகும், திரை அசையாது. பெயரைத்தான் ஆன் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு சரிபார்ப்புக்கு முன்பும் ‘எண்பிழை’யை ஆஃப் செய்யுங்கள், இல்லையேல் சரியான எண்ணும் பிழையாகவே மின்னும். வெளியேறும் விசையான எஃப்3க்கு டிடிஎஸ்ஸில் சிஎஃப் (CF) என்ற சொல் வேண்டாம், சிஏ (CA) போடுங்கள். சிஎஃப் என்றால் டிடிஎஸ் சோதனைகள் ஓடி, வெளியேற நினைப்பவரையும் பிடித்து நிறுத்தும்.