காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்னும் பின்னும் நேரும் தவறுகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தாம் செய்த மிதவை வால்வைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கீரைத் தட்டுகளில் தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் மிதவை உயர்ந்து நீர்வழியை அடைப்பது பழைய ஏற்பாடுதான். ஆனால் வழக்கமான வால்வு மெல்ல மூடுவதால் கடைசிக் கட்டத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். அவருடைய வால்வில், நெம்புகோலின் மறுமுனையில் மாட்டியிருந்த ஸ்பிரிங் அதைப் பாதியில் நிற்கவிடாமல் டக்கென்று மூடவைத்தது. "ஒரு சொட்டு ஒழுகலை, பாருங்க தம்பி" என்றார். காப்புரிமை விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்ப விளக்கம் எழுதும் வேலையில் இருப்பதால், நான் முதலில் கேட்டது வால்வைப் பற்றியன்று. இதை யார் யாரெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்பதைத்தான். எட்டு மாதங்களுக்கு முன் சமூக மன்றத்தில் நடந்த தோட்டக்கலைக் கண்காட்சியில் அதை இயக்கிக் காட்டியதையும், அந்தக் காணொளியை ஃபேஸ்புக்கில் ஏற்றியதையும் மகிழ்ச்சியோடு சொன்னார்.

நான் அடிக்கடி காணும் தவறும் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறும் இதுவே. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கேனும் பொதுவில் வெளியான எதுவும், கண்டுபிடித்தவரே வெளியிட்டதாக இருந்தாலும், அந்தக் கண்டுபிடிப்பின் புதுமையைக் கெடுத்துவிடும். சிங்கப்பூரில் 2017 அக்டோபர் 30 முதல் சலுகைக் காலம் விரிவாக்கப்பட்டு, கண்டுபிடிப்பாளர் தாமே வெளியிட்டதிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், உரிய சான்றுகளோடு அந்த வெளியீட்டைக் கணக்கில் கொள்ளாமல் விடுமாறு கேட்க இடமுண்டு. ஆகவே இங்கே அவருக்கு வழி இருந்தது. ஆனால் அவர் கனவு கண்டதோ கண்ணாடிக்கூட வேளாண்மையில் பெயர்பெற்ற நெதர்லாந்துச் சந்தையை. ஐரோப்பியக் காப்புரிமை முறையில், மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர, இத்தகைய சலுகை கிடையாது. சிறிய காணொளி ஒன்று அந்தக் கதவை அடைத்துவிட்டது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அச்சு வார்ப்பவரிடமோ முதலீட்டாளரிடமோ முன்கூட்டியே காட்டியாக வேண்டுமென்றால், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே காட்ட வேண்டும். சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம், தம்ப்டிரைவ் என்ற விரலளவு யூஎஸ்பி நினைவகச் சாதனத்தை ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த சீபிட் கணினித் தொழில்நுட்பக் கண்காட்சியில் உலகுக்குக் காட்டிய அதே 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தையும் தாக்கல் செய்தது. பின்னர் எழுந்த வழக்கில், 2005இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

நோட்டுப் புத்தகத்தில் வரைந்து தேதியிட்டு வைத்திருப்பதையும், தமக்குத் தாமே பதிவுத் தபால் அனுப்பிக்கொள்வதையும் சிலர் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். முதலில் கண்டுபிடித்தவரைக் காட்டிலும் முதலில் விண்ணப்பித்தவருக்கே காப்புரிமை முறை முன்னுரிமை தருவதால், பிரிக்காத அந்த உறை விண்ணப்பத் தேதிக்கு ஈடாகாது.

கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் அப்படியொரு பொருள் கண்ணில் படவில்லை என்பதும் புதுமைக்குச் சான்றாகாது. விற்பனைக்கே வராத, காலாவதியாகிப் பல்லாண்டான வெளிநாட்டுக் காப்புரிமை ஆவணமொன்றும் தடையாக நிற்கலாம். பேட்டன்ட்ஸ்கோப், எஸ்பேஸ்நெட் ஆகிய தரவுத்தளங்களில் கட்டணமின்றித் தேடலாம். பொருளின் பெயரை விட்டு, அது செய்யும் வேலையைச் சொற்களாக்கித் தேடுவதே பயன் தரும்.

அடுத்த தவறு, எதன்மீது உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் பகுதியான உரிமைக்கோரிக்கையை எழுதுவதில் நேர்வது. அண்ணன் தாமே எழுதி வந்த முதல் கோரிக்கையில், எவர்சில்வர் ஸ்பிரிங், 40 மில்லிமீட்டர் மிதவை, இரண்டு திருகுகள் என்று வால்வில் கண்ணுக்குத் தெரிந்த எல்லாமே இருந்தன. விவரமாக எழுதினால் பாதுகாப்புக் கூடும் என்பது இயல்பான எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. கோரிக்கையில் சேரும் ஒவ்வொரு உறுப்பும் வேலியை உள்ளே இழுக்கிறது, ஏனெனில் அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டுச் செய்பவர் பெரும்பாலும் வேலிக்கு வெளியே நின்றுகொள்வார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இரண்டு சிறு காந்தங்களை வைத்தால் அவருடைய வால்வு அதே வேலையைச் செய்யும், அந்தக் கோரிக்கையோ அதைத் தொடாது. ஆகவே, "நெம்புகோலைத் திறந்த நிலை, மூடிய நிலை ஆகிய இரண்டில் ஒன்றுக்கு மட்டும் தள்ளும் விசை உறுப்பு" என்று முதல் கோரிக்கையை அகலமாக எழுதினோம்; அந்த உறுப்பு ஸ்பிரிங்காக இருப்பதையும் காந்தமாக இருப்பதையும், முதல் கோரிக்கையைச் சார்ந்து அதைக் குறுக்கிச் சொல்லும் சார்புக் கோரிக்கைகளில் தனித்தனியே வைத்தோம். காந்தம், ரப்பர் பட்டை போன்ற மாற்றுகளை விளக்கப் பகுதியிலும் விரிவாகச் சேர்த்தோம், ஏனென்றால் தாக்கல் செய்த பிறகு புதிய தொழில்நுட்ப விவரம் எதையும் நுழைக்க முடியாது. கோரிக்கைகள் இல்லாமலே விளக்கத்தை மட்டும் கொடுத்துத் தேதியைப் பெற்றுக்கொள்ளச் சிங்கப்பூரில் வழியுண்டு. ஆனால் அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொடுத்தவருக்கு, அந்த ஒரு பக்கத்தில் இருப்பதற்கு மட்டுமே அந்தத் தேதி உதவும்.

வேலைக்குச் செல்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான பணியின் அங்கமாக உருவான கண்டுபிடிப்பு, காப்புரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி முதலாளிக்கே உரியது. வீட்டில் உட்கார்ந்து செய்தேன் என்ற ஒன்று மட்டும் அதை மாற்றிவிடாது. வெளிநாட்டில் முதலில் தாக்கல் செய்ய நினைப்பவர்கள் அதே சட்டத்தின் 34ஆம் பிரிவை மறந்துவிடுகிறார்கள். தேசியப் பாதுகாப்பை முன்னிட்டு, சிங்கப்பூரில் வசிப்பவர் காப்புரிமைப் பதிவாளரின் எழுத்துவழி அனுமதியைப் பெற வேண்டும், அல்லது இங்கே தாக்கல் செய்து, தடை உத்தரவு ஏதுமின்றி இரண்டு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். மீறினால் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள உறவினர் வழியாக இந்தியாவில் முதலில் போட்டுவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

உலகக் காப்புரிமை என்று ஒன்று இல்லை. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் மற்ற நாடுகளில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரே விண்ணப்பத்தின் வழியே பல நாடுகளில் கோர உதவும் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகச் சென்றால் பெரும்பாலான நாடுகளில் நுழைய 30 மாதங்கள் வரை அவகாசம் கிடைக்கும். எந்த நாட்டில் என்பதைச் சந்தை முடிவு செய்யட்டும். கையடக்க இசைக் கருவியில் பாடல்களைத் தேடும் முறைக்காகச் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2001 ஜனவரியில் விண்ணப்பித்தது அமெரிக்காவில். ஆப்பிளின் ஐபாட் இசைக் கருவி அறிமுகமானது அதே ஆண்டு அக்டோபரில். 2005இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமையை ஒட்டிய வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள, 2006இல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது.

எல்லாவற்றுக்கும் காப்புரிமையே பொருத்தமானது என்றும் எண்ண வேண்டாம். பொருளின் தோற்றம் மட்டுமே புதியதென்றால் வடிவமைப்புப் பதிவு போதும், அது 15 ஆண்டுகள் வரை நீளும். புதிய ஆர்க்கிட் ரகத்தை உருவாக்கியவருக்கு 2004ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் 25 ஆண்டு உரிமை தருகிறது.

காப்புரிமை கையில் வந்துவிட்டால் தாராளமாகத் தயாரிக்கலாம் என்பதும் பிழையான எண்ணம். அது மற்றவர்களைத் தடுக்கும் உரிமையே. நம் வால்வுக்குள் வேறொருவருக்கு உரிமையுள்ள அடைப்பான் இருந்தால், அவருடைய இசைவின்றி விற்க முடியாது. விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள் என்பதும் தானாகக் கிடைப்பதில்லை. பொதுவாக நான்காம் ஆண்டு முடிவில் தொடங்கி ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாத அவகாசம் உண்டு, அதையும் விட்டால் உரிமை காலாவதியாகும். நினைவூட்டல் கடிதம் பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததால் தேதியைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனிடம் விண்ணப்ப எண்ணைக் கொடுத்த அன்றே, புதுப்பிப்புத் தேதியை அவருடைய கைப்பேசியிலும் மகளுடைய கைப்பேசியிலும் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.