முதல் இரட்டை விண்மீன்களின் சுற்றுப்பாதையைக் கையால் கணக்குப் போடுவது எப்படி

குடியாத்தத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். கோண உந்தம் (சுற்றும் பொருளின் நிறை, வேகம், மையத்திலிருந்து உள்ள தூரம் மூன்றையும் பெருக்கியது) நடத்தும்போது இந்தக் கணக்கைத்தான் கொடுப்பேன். வழக்கமாகச் சொல்லும் உதாரணமான, கையை மடக்கிச் சுழலும் பனி நடனக்காரியை நம் ஊரில் யார் பார்த்தது? ஒரு தாளும் போன் கால்குலேட்டரும் போதும்.

முதலில் தெரிந்த ஜோடி ஒன்றில் சோதித்துப் பாருங்கள். ஆல்ஃபா சென்டாரி, மே மாதம் இரவு பத்து பதினொரு மணிக்குத் தெற்கே, சவ்வாது மலைப் பக்கம் தாழ்வாகத் தெரியும். கண்ணுக்கு ஒன்று, டெலஸ்கோப்பில் இரண்டு. அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டப் பாதையின் நீளமான விட்டத்தில் பாதி, 23.3 வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்தான் ஓர் அலகு. மொத்த நிறை ஏறக்குறைய 2 சூரியன். 23.3-இன் கனத்தை 2-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 79.5. உண்மையான சுற்றுக்காலமும் சுமார் 80 ஆண்டுதான். சரி, தூரத்தின் கனத்தை மொத்த நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுற்றுக்காலம் என்ற கெப்ளர் விதி கைக்கு வந்துவிட்டது.

இப்போது முதல் தலைமுறை விண்மீன்களுக்குப் போகலாம். காவலூரின் 93 அங்குல டெலஸ்கோப்புக்கும் எட்டாதவை இவை. நாம் பேசுவதெல்லாம் கணினிக் கணக்குகளை வைத்துத்தான். பெருவெடிப்புக்குப் பிறகு 10 முதல் 20 கோடி ஆண்டுகளில், ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே இருந்த வாயு. தூசி கிடையாது. குளிர்விக்க ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றுதான். அதுவும் சுமார் 200 கெல்வினோடு (மைனஸ் 73 டிகிரி செல்சியஸ்) நின்றுவிடும். இன்று விண்மீன்கள் பிறக்கும் வாயுவைவிட இது சூடு; சூடான வாயு வேகமாக விழும்: ஆயிரம் ஆண்டில் ஒரு சூரியன் அளவுக்கு. சுழன்று விழும் அந்த வாயு தட்டு போலாகி, பாரம் தாங்காமல் துண்டாகி ஜோடிகள் பிறக்கின்றன. பிறந்த பிறகும் நிறை ஏறிக்கொண்டே இருப்பதால் பாதை நிலையாக இருக்காது.

இரண்டும் சம நிறை, வட்டப்பாதை என்று வைத்துக்கொண்டால் விதி எளிது: தூரம், கோண உந்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம், நிறையின் கனத்துக்கு எதிர் விகிதம். ஆளுக்கு ஒரு சூரியன், இடையே 100 அலகு என்று தொடங்குங்கள். சுற்றுக்காலம் 707 ஆண்டு. நிறையை இரட்டிப்பாக்குங்கள்.

வாயு கோண உந்தம் எதுவும் கொண்டுவராவிட்டால் தூரம் எட்டில் ஒரு பங்கு, 12.5 அலகு, சுற்றுக்காலம் 22 ஆண்டு. நிறையோடு உந்தமும் இரட்டிப்பானால் 50 அலகு, 177 ஆண்டு. உந்தம் மும்மடங்கானால் 112.5 அலகு, பாதை விரிகிறது! கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ராட்டினத்தில் நின்ற இடத்திலிருந்து தொற்றுபவனுக்கும், கூடவே ஓடிவந்து ஏறுபவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் வாயு எவ்வளவு உந்தம் கொண்டுவருகிறது என்பதை மாற்றி மாற்றிப் போடச் சொல்வேன், விஷயமே அதில்தான்.

அப்புறம் வாயு உந்தம் கொண்டுவராத முதல் வகையிலேயே நிறையை இன்னும் இரண்டு முறை இரட்டிப்பாக்குங்கள். ஆளுக்கு 8 சூரியன் வரும்போது இடைவெளி 0.2 அலகுக்குச் சுருங்கியிருக்கும். ஆனால் அந்த வயதில் இவை சூரியனைப் போல நூறு மடங்கு ஆரம் வரை ஊதிப்போய் இருக்கும். அது கிட்டத்தட்ட அரை அலகு. ஆக, அந்த நிலைக்கு வருமுன்பே இரண்டும் மோதி ஒன்றாகியிருக்கும்.