முகப்பூச்சு திரிதிரியாக உருள்வது ஏன்?

காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தூண் ஓரம் உட்கார்ந்து முகநிறத்தைச் சீராக்கும் ஃபவுண்டேஷன் தேய்த்துக்கொண்டிருந்தாள் என் அண்ணன் மகள். தாடையோரத்தில் அழிரப்பர் துகள் போல வெள்ளை வெள்ளையாக உருண்டு வந்தது. "அயித்தை, கடைக்காரன் போலியைக் கொடுத்துவிட்டான்" என்றாள். போலி இல்லை, அவசரம். நீர்த்த சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமர், ஃபவுண்டேஷன் என ஐந்தையும் நான்கே நிமிடத்தில் அப்பியிருந்தாள்.

செட்டிநாட்டுச் சுவரில் கரடான சுண்ணாம்புச் சாந்து அடியிலும், மாவாய் அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் மேலேயும் வரும். முகத்துக்கு வரிசை வேறு: நீர்த்தது முதலில், கெட்டியானது பிறகு. அவசரத்தை மட்டும் இரண்டுமே பொறுக்காது. சன்ஸ்கிரீனும் பிரைமரும் தோலின் மேல் மெல்லிய ஏடு போலப் படிகிறவை. அந்த ஏடு இறுகும் முன் விரலால் தேய்த்தால் பிய்ந்து உருளும். சிலிகோன் கலந்த பிரைமரின் மேல் நீர் மிகுந்த ஃபவுண்டேஷனும் சரியாக ஒட்டாது. சீரத்தின் அளவைக் குறையுங்கள். சன்ஸ்கிரீனுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஃபவுண்டேஷனை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், இழுக்க வேண்டாம்.

உருள்கிறதே என்று சன்ஸ்கிரீனைக் குறைப்பதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு. டப்பாவில் அச்சிட்ட எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலிலிருந்து காக்கும் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்பார்கள். அந்த எண் பலிக்கும் அளவுக்கு ஃபவுண்டேஷன் பூசினால் முகம் இருக்காது, சுவர்தான் இருக்கும். சன்ஸ்கிரீனையும் ஃபவுண்டேஷனையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசுவதும் வேண்டாம். சன்ஸ்கிரீனின் ஏடு ஒரே சீராகப் படியாது.

துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் மாநிறத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். அதற்கு ஈடாக வெளிர்நிற ஃபவுண்டேஷன் வாங்குகிறவர்கள் உண்டு. நிறத்தைக் கழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவும் கூரைக்குக் கீழே பட்டாலை நிழலில் இல்லை, வளவில் விழும் வானத்து வெளிச்சத்தில்.

தேங்காய் எண்ணெய் இரவோடு இருக்கட்டும். காலையில் அதன்மேல் எதுவும் நிற்காது. சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினாலும் இரவுக்கானதே. வியர்வையின் மேல் பவுடர் போட்டால் திட்டுத்திட்டாகும். முதலில் டிஷ்யூவால் ஒற்றுங்கள். நம் ஊர் வெயிலில் எண்ணெய்ப் பசை முகத்துக்குத் தனி மாய்ஸ்சரைசர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஈரப்பதம் தரும் சன்ஸ்கிரீனே போதும்.

அண்ணன் மகள் முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கினாள். சன்ஸ்கிரீன் பூசி, தலை பின்னி, பூ வைத்து, என் புடவைக் கொசுவத்தையும் சரிசெய்துவிட்டுத்தான் ஃபவுண்டேஷனைத் தொட்டாள். தாலி கட்டும் திருப்பூட்டுக்கு இன்னும் அரை மணி இருந்தது.