முதலில் நத்தை, அப்புறம் மீன்

மீன் தொட்டி வைக்கும் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். தொட்டி, ஃபில்டர், கலர் கல், எட்டு மீன், எல்லாம் ஒரே மாலையில் வீட்டுக்கு வந்தன. ஐந்தாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்தது, பத்தாம் நாள் இரண்டே மீன்தான் மிச்சம். விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு "தண்ணிய முழுசா மாத்தி, ஃபில்டரையும் நல்லா கழுவிடுங்க" என்றார். குழாயடியில் பஞ்சைப் பிழிந்து பிழிந்து பளிச்சென்று கழுவினேன். மிச்சமிருந்த இரண்டும் போய்ச் சேர்ந்தன.

நடந்தது என்னவென்றால், மீன் கழிவிலிருந்தும் தின்னாமல் கிடக்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது, அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது குறைந்தும் விடும். இந்தப் பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும். புதுத் தொட்டியில் அவை கிடையாது. குடியேறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நான் கழுவித் தள்ளியது அழுக்கை அல்ல, அந்தப் பத்து நாளில் வந்து சேர்ந்திருந்த கொஞ்சநஞ்சம் பாக்டீரியாவை.

அதனால் தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். தொட்டி 60×30×30 செ.மீ. இருந்தால் நல்லது, 54 லிட்டர் பிடிக்கும். சின்னக் கண்ணாடிக் கிண்ணம் சுலபம் என்று தோன்றும், உண்மை நேரெதிர், தண்ணீர் குறையக் குறைய அதே கழிவு சீக்கிரமே விஷமாகிவிடும். கல்லும் தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து 70 கிலோவை நெருங்கும், ஆகவே மேசை ஆடக்கூடாது, சன்னல் வெயிலும் நேராக விழக்கூடாது. ஃபில்டருக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். குஞ்சு எடுக்கப்போகிறவர்களுக்கு அதுதான் சரியும்கூட, மற்ற ஃபில்டர்கள் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போட்டிருந்தால் போகாது. எதற்கு வம்பு, ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்தை விட்டே ஊற்றுங்கள்.

பிறகு வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடுவதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்னப் பாக்டீரியா வரும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு உயிர்களை விடலாம்.

யாரை முதலில் விடுவது? நான் நத்தையைத்தான் சொல்வேன். நீங்கள் விடாவிட்டாலும் அது வரும் என்பது வேறு விஷயம், வாங்கும் செடியின் இலைக்கடியில் கண்ணாடித் துளி போல ஒட்டியிருக்கும் வழவழப்பு முட்டைக் கொத்தில் ஒன்று போதும். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன் நத்தையும், சின்னதாக நீர்க்குமிழி போல இருக்கும் பிளாடர் நத்தையும் இப்படித்தான் வந்து சேரும். இரண்டுமே ஆணும் பெண்ணுமாகிய ஒரே உடல், அதனால் ஜோடி பார்த்து வாங்கும் வேலை கிடையாது. இரண்டு ராம்ஸ்ஹார்னை விட்டால் கண்ணாடியிலும் இலையிலும் முட்டை வைக்கும், ஓரிரண்டு வாரத்தில் கடுகை விடச் சிறிய குஞ்சுகள் நகரத் தொடங்கும். நத்தை வளர்ப்பில் இதைவிட எளிதான ஆரம்பம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நத்தைகள் உங்கள் கையைக் காட்டிக்கொடுக்கும். தீனி மிஞ்சினால்தான் அவை பெருகும், மிஞ்சாவிட்டால் பத்துப் பதினைந்தோடு நிற்கும். ஒரு மாதத்தில் கண்ணாடி முழுக்க நத்தை என்றால் நீங்கள் இரண்டு மடங்கு தீனி போடுகிறீர்கள் என்று பொருள், நத்தை மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நத்தை கொல்லும் மருந்து ஊற்றவே ஊற்றாதீர்கள். அத்தனையும் செத்து ஒரே நேரத்தில் அழுகினால் அந்த அம்மோனியாவில் மீனும் போகும். தீனியைக் குறையுங்கள், இரவில் ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கல்லில் கட்டிப் போடுங்கள், காலையில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு அப்படியே தூக்கி எடுங்கள். மீனுக்கு மருந்து வாங்கும்போதும் ஒரு கவனம்: செம்பு கலந்த மருந்து நத்தையைக் கொன்றுவிடும்.

கொஞ்சம் கை பழகியதும் மிஸ்டரி நத்தை வாங்கலாம். தங்க மஞ்சள், நீலம், கறுப்பு என்று நிறங்கள், எலுமிச்சம்பழ அளவுக்குக்கூட வளரும். துதிக்கை போல ஒரு குழாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டி, தலையை முன்னும் பின்னும் ஆட்டிக் காற்றை இழுக்கும். முதல் தடவை பார்க்கும்போது அதற்கு வலிப்பு வந்துவிட்டது என்று பயந்தேன். இதில் ஆண் வேறு, பெண் வேறு, பார்த்துக் கண்டுபிடிப்பது புதியவருக்குக் கஷ்டம், நாலைந்தாக வாங்கிவிடுங்கள். முட்டையைத் தண்ணீரில் வைக்காது. நள்ளிரவுக்கு மேல் பெண் நத்தை கண்ணாடியில் ஏறித் தண்ணீரை விட்டு வெளியே வரும், இளஞ்சிவப்பு முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும், முடிக்க மணிக்கணக்கில் ஆகும். முதலில் தொட்டால் கையோடு வரும் அளவுக்கு மென்மை, மறுநாள் கெட்டியாகிவிடும். அதற்காகவே நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு ஐந்தாறு செ.மீ. இடம் விடுங்கள். மூடி கட்டாயம், இல்லாவிட்டால் காலையில் நத்தையைத் தரையில் தேட வேண்டும். கொத்து ஈரக்காற்றில் இருக்க வேண்டும், தண்ணீரில் மூழ்கக்கூடாது. வெப்பத்தைப் பொறுத்து 2 முதல் 4 வாரத்தில் பொரியும், ஒரு கொத்திலேயே நூறு குஞ்சு வரலாம். வேண்டாம் என்றால் வைத்த ஓரிரு நாளிலேயே சுரண்டி எடுத்து நசுக்கிவிடுங்கள்.

ஓட்டின் நுனி வெள்ளையாக அரித்துக் குழி விழுந்தால் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று அர்த்தம். கணவாய் ஓட்டில் ஒரு துண்டோ, கொதிக்க வைத்துக் காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடோ போடுங்கள். அரித்த இடம் திரும்ப மூடாது, புதிதாக வளரும் விளிம்பு நன்றாக வரும். நெரைட் நத்தை அழகுதான், பாசியையும் நன்றாகத் தின்னும், ஆனால் அதன் முட்டை நன்னீரில் பொரித்து வளராது, கண்ணாடியெங்கும் எள் ஒட்டியது போலப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

சரி, மீன். முதல் மீன் கப்பிதான், வண்ண வால் கொண்ட சின்ன மீன். நத்தைக்குப் பிடித்த, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீர், பி.எச். (அமில-கார அளவு) 7 முதல் 8, வெப்பம் 24 முதல் 27 டிகிரி, இதே அதற்கும் ஒத்துவரும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள், ஆண் அதிகமானால் பெண்ணை ஓடஓட விரட்டியே களைத்துப்போக வைக்கும். வாங்கி வந்த பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல் மூன்று மீனில் ஆரம்பித்து இரண்டு வாரம் பொறுங்கள். ஒரு வேளைக்கு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் தீனி.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 20, 30, பெரிய மீனென்றால் அதற்கு மேலும். பெண் கப்பி ஒரு தடவை சேர்ந்தால் விந்தைப் பல மாதம் சேமித்து வைத்துக்கொள்ளும், ஆகவே தனியாக வாங்கிய பெண் குட்டி போட்டால் ஆச்சரியப்படாதீர்கள். வால் பக்கத்து வயிற்றுப் புள்ளி கறுத்து, வயிறு பக்கவாட்டில் பார்க்கப் பெட்டி போலச் சதுரமானால் நாள் நெருங்கிவிட்டது. குட்டி வளைந்து சுருண்டு வெளியே வரும், ஒரு நொடி கீழே இறங்கும், சட்டென்று நிமிர்ந்து செடிக்குள் பாயும். பாயாததைப் பெற்ற தாயே தின்னும். குட்டி போடும் பிளாஸ்டிக் பெட்டிகள் எனக்குப் பிடிக்காது, அந்தச் சின்ன இடத்தில் தாய் மிரண்டுபோகிறது. ஜாவா மாஸ், ஹார்ன்வோர்ட் என்ற நீர்ச்செடிகள் ஒரு மூலையில் அடர்த்தியாக இருந்தால் போதும், பாதியாவது பிழைக்கும்.

குஞ்சுகளுக்குத் தீனியை விரலால் மாவாகத் தேய்த்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போடுங்கள். அவித்த மஞ்சள் கரு நல்லதுதான், ஆனால் தண்ணீரைக் கெடுப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஊசி முனையளவு போதும். மிச்சத்தை ராம்ஸ்ஹார்ன்கள் பார்த்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், பஞ்சை அழுக்கடைத்தால் மட்டும், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து வையுங்கள்.

நான்கு வாரம் தாண்டியதும் ஆணின் அடித்துடுப்பு குச்சி போல நீளும், பெண்ணுக்கு வயிற்றுப் புள்ளி தெரியும். ஆறு வாரத்துக்குள் பிரிக்காவிட்டால் கணக்கு கையை மீறிப் போகும், மிஞ்சியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது கூடவே கூடாது, மீனானாலும் நத்தையானாலும் அங்கே இருக்கும் உயிர்களைத்தான் அழிக்கும். ஆக, இரண்டாவது தொட்டி வேண்டும். அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழைய தொட்டியில் ஓட விடுங்கள். பிரிக்கும் நாளில் அதை ஈரம் காயாமல் புதுத் தொட்டிக்கு மாற்றி, இரண்டு நத்தையையும் கூடப் போட்டால், இந்தத் தடவை ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.