சுவர் ஊறிய வீட்டிலிருந்து பாதியில் வெளியேறினேன்

சென்னை வேளச்சேரியில் 11 மாத ஒப்பந்தம். நான்காம் மாத மழையிலேயே படுக்கையறைச் சுவர் ஊறி, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடித்தது. கைக்குழந்தை தவழும் வீடு! ஓனரிடம் போனில் சொன்னால் "பார்க்கலாம் சார்" என்பார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் எழுத்தில் இறங்கினேன். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி கட்டமைப்புப் பழுது உரிமையாளர் பொறுப்பு. எழுதிக் கேட்டும் செய்யாமல், வீடு குடியிருக்கவே முடியாமல் போனால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். முதலில் பழுதுபார்க்கக் கேட்டு ஒரு கடிதம், பதில் வராததால் நோட்டீஸ். இரண்டையும் போட்டோக்களோடு பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை (கடிதம் கிடைத்ததாகப் பெறுபவர் கையெழுத்திட்டு நமக்குத் திரும்பி வரும் அட்டை) வைத்து அனுப்பினேன். அந்த அட்டைகள்தான் காப்பாற்றின. மீதி மாத வாடகையைப் பிடிப்பேன் என்றவர், அவற்றைக் காட்டியதும் வெள்ளையடிக்கும் செலவை மட்டும் கழித்து அட்வான்ஸைத் தந்துவிட்டார்.