பிரேக் ஆயில்: அளவு சரி, வயது?

பானட்டைத் திறந்து பார்க்கிறோம். டப்பாவில் பிரேக் ஆயில் மேக்ஸ் (MAX) கோட்டுக்கும் மின் (MIN) கோட்டுக்கும் நடுவே இருக்கிறது. திருப்தியாக மூடிவிடுகிறோம். ஆனால் அளவு சரியாக இருந்தால் கசிவு இல்லை என்று மட்டும்தான் பொருள்.

பேச்சில் ஆயில் என்றாலும் இது கிளைக்கால் ஈதர் சேர்ந்த திரவம், ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகும், வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும்கூட. தர விதிப்படி புது டாட் 4 (DOT 4, பிரேக் ஆயிலின் ஒரு தரம்) குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அந்த வரம்பு 155. டாட் 3க்கு முறையே 205, 140. ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் தெரியும்: சூட்டில் காலிப்பருக்குள் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும்.

அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். முதலில் முன்சக்கர பேடுகளைப் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அதன் பின்னால் ஆயில் நிரம்புவதால் டப்பாவில் குறையும். இப்போது மேக்ஸ் வரை நிரப்பினால், புது பேட் போட்டு பிஸ்டனைத் தள்ளும்போது வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். பேட் நன்றாக இருந்தும் குறைகிறதென்றால் கசிவுதான். பின்சக்கரங்களின் உட்புறத்தையும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நீர் அளவைக் காட்டும் பேனா போன்ற டெஸ்டர் கிடைக்கிறது; 3 சதவீதத்தைத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். டெஸ்டர் இல்லையென்றால் கையேடு சொல்லும் காலக்கெடு. பெரும்பாலும் 2 ஆண்டு.

டப்பா மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே வாங்குங்கள், சீல் உடையாத 1 லிட்டர். டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றலாம், மாற்றி ஊற்றக் கூடாது. டாட் 5 சிலிக்கோன், 5.1 என்பது வேறு. பெயரில் ஏமாந்து டாட் 5ஐ வாங்கிவிடாதீர்கள்.

நீங்களே மாற்ற வேண்டியவை: நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.), நிப்பிளை இறுக்கிப் பிடிக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், பழைய பாட்டில், சிரிஞ்ச், ஜாக்கியோடு ஸ்டாண்டும், பெடலை மிதிக்க ஓர் ஆள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நிப்பிளின் முனை மழுங்கும்.

ஆயிலை எடுக்கும் முன்பே நான்கு நிப்பிளும் இளகுகின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்தது இருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விடுங்கள். பாதியில் ஒடிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

டப்பாவில் உள்ள பழையதை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, பெடலைத் தொடாமல் மேக்ஸ் வரை புதியதை ஊற்றுங்கள். நம்மூர் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், தூரத்திலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவது வழக்கம். கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கட்டும். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளை அரைச்சுற்று திறக்க வேண்டும். பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே “விடு” என்று சொல்லுங்கள். அதற்கு முன் கால் எழுந்தால் ஏர் பிடித்துவிடும். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது. வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு பிஸ்டன் போனால், அங்குள்ள துரு சீலைக் கிழித்துவிடும். வேலை முடிந்த மறுவாரம் மாஸ்டர் சிலிண்டர் ‘தானாகவே’ போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். மின் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. காலியானால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஏர் போகும். அதை எடுக்கப் பெரும்பாலும் ஸ்கேனர் உள்ள ஒர்க் ஷாப்தான் கதி. குமிழ் இல்லாமல் புது நிறம் வரும்வரை தொடருங்கள். முதல் சக்கரம்தான் அதிகம் குடிக்கும். நிப்பிள் உள்ளே ஓட்டையானது. முரட்டுத்தனமாக முறுக்கினால் ஒடியும். துடைத்து ரப்பர் மூடியைப் போடுங்கள். பெயிண்டில் சிந்தினால் தேய்க்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இப்போது பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சற்று இறங்கும், அது மிதிக்கு உதவும் பூஸ்டரின் வேலை. அப்படியே ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல். ஸ்பாஞ்ச் போல அமுங்கினால் ஏர் மிச்சம் இருக்கிறது. மறுபடி எடுக்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

பழையதைச் சாக்கடையில் ஊற்றாமல், எஞ்சின் ஆயிலோடும் கலக்காமல், தனி பாட்டிலில் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். புது பாட்டிலில் மிஞ்சியதையும் அடுத்த முறைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். திறந்த நொடியிலிருந்தே அது ஈரம் குடிக்கத் தொடங்கியிருக்கும்.