வாத்துக்குஞ்சும் கோழிக்குஞ்சும் ஒரே பெட்டியில்

முதல் ராத்திரியே எங்கள் வாத்துக்குஞ்சு தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்து உமியைச் சேறாக்கிவிட்டது. விடிந்து பார்த்தால் கோழிக்குஞ்சு மூலையில் நனைந்து, கண்ணை மூடி நடுங்கிக்கொண்டிருந்தது. துணியில் சுற்றி பல்புக்கு அடியில் வைத்த பிறகுதான் கீச்சென்றது. ஈரம்தான் அதற்கு எமன். குளிர் மட்டுமல்ல, ரத்தக்கழிச்சலும் ஈர உமியில்தான் பெருகும்.

அகலத் தட்டின் மேல் கம்பிவலை போட்டு, அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். சிந்துவது தட்டிலேயே நிற்கும். வாத்தின் மூக்குத்துளை முங்கும் ஆழம் வேண்டும். கோழிக்குஞ்சு உள்ளே விழாதபடி வாய் குறுகலாக இருக்கட்டும்.

முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு. மருந்து கலக்காத குஞ்சுத்தீவனம் இரண்டுக்கும் ஆகும். வாத்துக்கு நியாசின் என்ற பி3 வைட்டமின் கூடுதலாகத் தேவை, குறைந்தால் கால் வளையும்; தீவனத்தில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் தூவுங்கள்.

வளர்ந்தது ஆண் வாத்து என்றால் பெட்டைக்கோழியோடு அடைக்கவே வேண்டாம். மிதித்துக் காயப்படுத்திவிடும்.